துளசிமணி திறந்துவிட்ட பாலம்

உக்காருங்க, உக்காருங்க. ஜன்னலோரம் வேணும்னாலும் நீங்களே எடுத்துக்குங்க, எனக்கு முன்னாடி ரோடு தெரிஞ்சாப் போதும். டிரைவருக்குப் பின்சீட்டை விட்டா வேற எங்கயும் எனக்கு உக்காரப் புடிக்காதுங்க. பழக்கம் அப்படி. நானும் டிரைவர்தான். இந்த ரூட்டு இல்லீங்க, பொள்ளாச்சி–வால்பாறை, மலை ரூட்டு. ரிட்டயர் ஆகற வரைக்கும் அதேதான். ஆறுச்சாமி வண்டின்னா மாசமா இருக்கற பொம்பளைங்ககோட பயமில்லாம ஏறுவாங்க. டிப்போல ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

இப்பப் பாருங்க, எதுக்கு இவன் பிரேக்கை மிதிக்கறான்? ரோடு காலியாக் கெடக்குது. போச்சாது, நமக்கென்ன.

ஊட்ல ஆரு இருக்கறாங்கன்னு கேட்டீங்கல்ல. இப்போதைக்கு ஆருமில்லீங்க. என்ற ஊட்டுக்காரி துளசிமணி வேல்ஸ்ல இருக்கறா. வேல்ஸுங்க. இங்கிலாந்தை ஒட்டி இருக்குது, ஆனா இங்கிலாந்துன்னு சொல்லிப்போடாதீங்க, அங்க இருக்கறவங்களுக்குக் கோவம் வந்துரும். பாலக்காட்டுக்காரனைப் போய்க் கோயமுத்தூர்க்காரன்னு சொன்ன மாதிரி.

ரண்டு பேரும் சேந்துதான் போனோம். நான் மட்டும் தனியா வந்தேன். அவ வரமாட்டேன்னுட்டா. சொந்தக்காரங்ககிட்டச் சொன்னா ஒண்ணுக்கு நாலாப் பேசுவாங்க. உங்களை மாதிரி மூணாம் மனுசங்ககிட்டச் சொன்னாத்தான் ஞாயம் கெடைக்கும். நீங்க உடுமலையா? அப்ப நேரம் கெடக்குது.

எங்க மக சுகந்தி அங்க ஆஸ்பத்திரில நர்ஸுங்க. ஆறு வருசமா வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு இருந்தா. போன கோடைலதான் போனோம். சின்ன ஊரு. பேரு நம்ம வாயில நுழையாது. நமக்கு ழ இருக்குதல்லங்க, அது மாதிரி அவங்களுக்கு ஒரு எழுத்து. நாக்கை மேல ஒட்டவெச்சுட்டு ரண்டு பக்கமும் காத்து விடோணும். நான் சொன்னா எச்சில்தான் வந்துச்சு, பேரு வரலை. துளசி மூணாம் நாளே சொல்லிப்போட்டா. அது கெடக்குது.

அந்த ஊருக்குள்ள ஒரு வாய்க்கால் போகுதுங்க. பாசனத்துக்கில்ல, படகுக்கு. அந்தக் காலத்துல சுண்ணாம்புக்கல்லு, நிலக்கரியெல்லாம் படகுல ஏத்திக் குதிரையைக் கட்டி இழுப்பாங்களாம். படகு தண்ணில போகும், குதிரை கரைமேல நடக்கும். இப்பக் குதிரையும் இல்ல, நிலக்கரியும் இல்ல. அந்தக் குதிரைத் தடம் மட்டும் இருக்குது. அதுல சனங்க நடக்கறாங்க. சும்மாங்க. ஒரு வேலையுமில்லாம. கடைக்குப் போறதில்ல, கோயிலுக்குப் போறதில்ல. நடக்கறது, நிக்கறது, தண்ணியைப் பாக்கறது, மறுக்கா நடக்கறது.

மகளும் மாப்பிள்ளையும் காலைல வேலைக்குப் போயிட்டாப் பொழுதோடதான் வருவாங்க. ஊட்ல உக்காந்துட்டே இருக்காதீங்க, ரண்டு பேரும் வாய்க்கால் ஓரமா நடந்துட்டு வாங்கன்னு சொல்லிட்டா எங்க சுகந்தி அம்மிணி. சரின்னு கெளம்பினோம்.

மொத நாளு. நான் முன்னாடி, துளசி பின்னாடி. தடம் அத்தனை அகலம் இல்லீங்க, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் போகோணும். அகலமா இருந்தாலும் நாங்க அப்படித்தான் போவோம், அது வேற. எதிர்ல ஒரு அம்மா வருது. எழுபது வயசிருக்கும், மழைக்கோட்டு போட்டுட்டு, கையில ஒரு நாய். என்னைப் பாத்து நல்லாச் சிரிச்சுட்டு, "போரே டா"ங்குது.

நான் அப்படியே நின்னுட்டனுங்க. கலெக்டர் ஏறின வண்டியை ஓட்டினவன் நான். ஒருத்தன் என்னை டா போட்டுப் பேசினதில்ல. பொம்பளை, முன்னப்பின்ன தெரியாது, மூஞ்சிக்கு நேரா டாங்குது. என்ன சொல்றதுன்னு யோசிக்கறதுக்குள்ள பின்னாடி வந்த துளசி என்ன பண்ணினாங்கறீங்க? அவளும் சிரிச்சுட்டு, "ஆமாங்கம்மா, போயிட்டு வாங்க"ன்னா.

பொழுதோட மககிட்டச் சொன்னா, அவ சிரிச்சுச் சிரிச்சு விக்கல் எடுத்துப்போச்சு. அவங்க பாஷைல காலை வணக்கமாமா அது. துளசி கமுக்கமாச் சோத்தைப் போட்டுட்டே, அப்ப நான் சொன்னது சரியாத்தான இருக்குதுங்கறா.

அந்தம்மா பேரு நெரிஸ். வாய்க்கால் ஓரத்துலயே ஊடு. புருசன் செத்துப் பல வருசம் ஆச்சாம். இவளுக்கு இங்கிலீசு வராது, அதுக்குத் தமிழ் தெரியாது. ரண்டும் சேந்து என்ன பேசுமோ, மணிக்கணக்காப் பேசும். ஒரு வாட்டி நான் காதைக் குடுத்துக் கேட்டேன். துளசி நம்ம ஊரு மாமியார் கதை சொல்லிட்டு இருக்கறா, அந்தம்மா "லவ்லி, லவ்லி"ங்குது.

நடக்கறதைப் பத்திச் சொல்லோணும். நான் நடந்தா ஒரு கணக்கா நடப்பனுங்க. ஊட்ல இருந்து எடுத்தா, சர்ச்சைத் தாண்டி ஒரு கல்லுப் பாலம் இருக்குது, அதுவரைக்கும் ஒரு டிரிப்பு. திரும்பி வந்தா ரண்டாவது. நான் கல்லுப் பாலத்தைத் தொட்டுட்டுத் திரும்பி வருவேன், துளசி பாதி வழில நின்னுட்டிருப்பா. எதுக்குன்னு கேட்டா, வாத்து குஞ்சு பொரிச்சிருக்குதாமா. மறுநாளும் நிப்பா. இன்னைக்கென்னன்னா, குஞ்சுல ஒண்ணு கொறையுதாமா. வாத்துக்குஞ்சை எண்ணறதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தோம்? நீங்களே சொல்லுங்க.

படகெல்லாம் கரையில கட்டியிருக்கும். சனங்க அதுலயே குடும்பம் நடத்தறாங்க. கூரைமேல பூந்தொட்டி, வெறகு, சைக்கிள். ஒவ்வொரு படகுக்கும் பேரு எழுதியிருக்கும். அவ அந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பா. எனக்குக் கெரகம் புடிச்சுக்கும். ஒரு நாள், நீ வேகமா நடந்தா வா, இல்லைன்னா நான் போறேன்னு சொல்லிப்போட்டேன். சரிங்க, நீங்க போங்கன்னா. அவ்வளவுதான். அன்னைல இருந்து நான் போறதை நிறுத்திட்டேன். இவ தெனமும் போனா.

நான் என்ன பண்ணுவேன்? ஜன்னல்ல உக்காந்து ரோட்டைப் பாப்பேன். ரோடாங்க அது? எப்பவாச்சும் ஒரு காரு போகும், அதுவும் சத்தமில்லாம. ஒருநாள் அங்க ஓடற பஸ்ல ஏறினேன். டிரைவருக்குப் பின்னாடி உக்காந்தேன். ஒரு மேடு வந்துச்சு, கியரைக் கொறைக்கச் சொன்னேன், நல்லதுக்குத்தான். அந்தத் தம்பி வண்டியை ஓரமா நிறுத்திட்டு, திரும்பி, அய்யா உங்களுக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேட்டுச்சுங்க. அந்த வண்டில கியரே கெடையாதாம், தானா மாறிக்குமாம். அப்பறம் நான் பஸ்ஸும் ஏறலை.

துளசி மத்தியானம் வருவா, மூஞ்சியெல்லாம் செவந்து. கால்ல சேறு. சேலைக்குக் கீழ நெரிஸம்மா குடுத்த கேன்வாஸ் சூவு. என்னமோ முணுமுணுத்துட்டே சமைப்பா. என்னடின்னா ஒண்ணுமில்லைங்கம்பா. மககிட்ட மட்டும் பேசுவா. இன்னைக்கு நாரை வந்துச்சு, இன்னைக்கு ஒரு படகு பாலத்துல சிக்கிருச்சு. எங்கிட்டச் சொல்றதில்ல. சரி, பொம்பளைங்க பேச்சுன்னு நான் விட்டுட்டேன்.

அப்பத்தான் மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன், நாங்க திரும்பிப் போற டிக்கெட்டைக் கொஞ்சம் முன்னாடி மாத்திப்போடுங்கன்னு. அவரு நல்ல மனுசன், ஆனா தயங்கற ஆளு. அத்தைகிட்டக் கேட்டீங்களா மாமான்னாரு. அவகிட்ட என்னங்க மாப்பிள்ளை கேக்கறது, வண்டி பொறப்பட்டா ஏறிக்குவான்னேன். அதுல தப்பென்னங்க? கல்யாணம் ஆனதுல இருந்து அப்படித்தான். நான் எங்க போறேன்னு அவ கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. ஒரு சண்டையில்ல, ஒரு சச்சரவில்ல.

வால்பாறைக்கா? இல்லீங்க, அவளைக் கூட்டிட்டுப் போனதில்ல. ஒருவாட்டி கேட்டா. எதுக்குன்னேன். தெனம் போயிட்டு வர்ற ரோடு, அதுல என்ன பாக்கறதுக்கு இருக்குது?

இந்த லாரிக்காரனைப் பாருங்க, இண்டிகேட்டரே போடாம உள்ள வர்றான். ஆனாப் பரவால்ல, நம்ம தம்பி சமாளிச்சுட்டான்.

டிக்கெட்டை மாத்தியாச்சு. துளசிகிட்ட நேரம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஒரு லீவு நாள் வந்துச்சு. அப்பாவுக்குப் பொழுதே போகலைன்னு அம்மிணி ஒரு படகை நாள் வாடகைக்கு எடுத்துட்டா. நாமளே ஓட்டிக்கலாம். லைசென்ஸ் வேண்டாமாம். வண்டின்னு சொன்னதும் எனக்கு உசுரு வந்துச்சுங்க. காலைலயே குளிச்சு, திருநீறு வெச்சு, காக்கி பேன்ட் ஒண்ணு எடுத்துட்டுப் போயிருந்தேன், அதைப் போட்டுட்டுக் கெளம்பினேன்.

படகுக்கிட்டப் போனதும், சோத்து மூட்டையெல்லாம் ஏத்தறாங்க. சுகந்தி பேச்சுவாக்குல, அம்மா நல்லாப் பாத்துக்க, அடுத்த வாரம் இந்நேரம் நம்ம ஊர்ல இருப்பீங்கன்னு சொல்லிப்போட்டா. நான் முன்னயே எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்னு நெனச்சுட்டா. துளசி ஒரு கால் படகுல வெச்சிருந்தா. அந்தக் காலை எடுத்துட்டா. எடுத்துட்டுக் கரைமேல நின்னு என்னைப் பாத்தா.

"நீங்க படகுல வாங்க. நான் நடந்து வர்றேன்."

அவ்வளவுதான் சொன்னா. சேலையைச் செருகிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டா. மக கூப்பிட்டா, திரும்பலை. மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பாத்தாரு. நடக்கட்டும் விடுங்க, வண்டி போற வேகத்துக்குக் கால் நோகறப்ப அவளே ஏறிக்குவான்னு சொல்லிட்டு நான் சுக்கானைப் புடிச்சேன்.

அந்தப் படகைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நீளம் நம்ம பஸ்ஸு நீளம். அகலம் பஸ்ஸை விடக் கொறைச்சல். டிரைவர் முன்னாடி உக்காரமாட்டான், கடைசில நிக்கோணும். ஸ்டியரிங் இல்ல, ஒரு இரும்புக் கைப்புடி. வலதுபக்கம் போகோணும்னா அதை இடதுபக்கம் தள்ளோணும். பிரேக் இல்ல. இதெல்லாம் கூடப் பரவால்லீங்க. வேகம் இருக்குது பாருங்க. ஒரு ஆளு நடக்கற வேகந்தான். அதுக்கு மேல போகக்கூடாதாம், அலை அடிச்சுக் கரை கரையுமாம். கட்டிப்போட்ட படகைத் தாண்டறப்ப அதைவிட மெதுவாப் போகோணும். வால்பாறை ரோட்ல யானை குறுக்க நின்னப்பக்கோட நான் அத்தனை மெதுவாப் போனதில்ல.

கரைமேல துளசி. தண்ணில நான். பக்கம்பக்கமா. எட்டித் தொடற தூரம், ஆனாத் தொட முடியாது. நான் ஏறு துளசிங்கறேன், அவ தண்ணியைப் பாக்கறா. கால் நோகும்கறேன், மரத்தைப் பாக்கறா. மக கூரைமேல உக்காந்துட்டு, அப்பா நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்கங்கறா. அது ரோடில்லைன்னு அவளுக்குத் தெரியாதா?

கட்டிப்போட்ட படகு வரிசையா வந்துச்சு. மெதுவாக்க வேண்டியதாப் போச்சு. துளசி எங்களைத் தாண்டிப் போயிட்டா. ஊன்றுகோல் வெச்ச ஒரு பெரியவரும் தாண்டிப் போயிட்டாரு. நான் ஆரனை அடிச்சேன். வளைவுல அடிக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. வளைவில்லாத எடத்துலயும் அடிச்சேன். கட்டியிருந்த படகுல இருந்து ஒரு ஆளு காப்பிக் கோப்பையோட எட்டிப் பாத்து, கையைத் தரையை நோக்கி அமுத்திக் காட்டறான், மெதுவாங்கறான். இதுக்கு மேல மெதுவாப் போகோணும்னா நங்கூரத்தைத்தான் போடோணும்.

அங்கதான் எனக்கு ஒரு விசயம் தெரிய வந்துச்சு. அந்தப் படகுக்காரங்க எல்லாரும் துளசியைத் தெரிஞ்சு வெச்சிருக்கறாங்க. தாடிக்காரன் ஒருத்தன் "மார்னிங், துல்சி"ங்கறான். ஒரு பொம்பளை துணி காயப்போட்டுட்டே "துல்சி"ங்குது. இவ எல்லாருக்கும் ஒரு "போரே டா" சொல்லிக் கையை ஆட்டிட்டே போறா. நான் ஜன்னல்ல உக்காந்து ரோட்டைப் பாத்துட்டு இருந்தப்ப இத்தனை நடந்திருக்குது. என்னை ஆருக்கும் தெரியலை. ஒருத்தன் மட்டும் என்னைக் காட்டி அவகிட்ட ஏதோ கேட்டான். அவ ஒரு வார்த்தை சொன்னா. அவன் தலையை ஆட்டிக்கிட்டான். என்ன சொன்னாளோ இன்னிவரைக்கும் தெரியலீங்க.

அடுத்தாப்புல தூக்குப் பாலம். அதைச் சொல்லோணும். வாய்க்காலுக்குக் குறுக்க ஒரு மரப்பாலம், காரு, ட்ராக்டர் போறதுக்கு. தாழ்வா இருக்கும். படகு வந்தா ஆரோ கரையில எறங்கி, வளைஞ்ச இரும்புக் கைப்புடி ஒண்ணை மாட்டிச் சுத்தோணும். சுத்தினாப் பாலம் ஒரு பக்கமா அண்ணாந்துக்கும், படகு போகும். மாப்பிள்ளை எறங்கிச் சுத்தறதாப் பேச்சு. பாலத்துக்கிட்டப் போனா, அங்க நெரிஸம்மா நாயோட நிக்குது. பக்கத்துல துளசி. துளசி கையில அந்தக் கைப்புடி.

அம்மிணி மெல்லச் சொல்றா, அப்பா, அம்மாதான் தெனமும் இந்தப் பாலத்தைத் தொறந்து விடறாங்க, நெரிஸம்மாவுக்குத் தோள்வலி வந்ததுல இருந்து. உங்களுக்குத் தெரியாதான்னு கேக்கறா. எனக்கு எப்படித் தெரியும்? நான் நடந்தப்ப அந்தப் பாலத்தை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கறேன், அது தூக்கற பாலம்னே எனக்குத் தெரியாது.

நான் ரிவர்ஸ் போட்டுப் படகை ஒரு வழியா நிறுத்தினேன். துளசி கைப்புடியை மாட்டலை. அதை இடுப்புல வெச்சுட்டு நின்னா.

"டிக்கெட்டை மாத்திப்போட்டீங்களாமா."

மொதல்ல பாலத்தைத் தொற, வண்டி நிக்குதுன்னேன்.

"நிக்கட்டும். ஆரைக் கேட்டு மாத்தினீங்க?"

மக இந்தப்பக்கம் திரும்பிட்டா. மாப்பிள்ளை செல்போனை எடுத்துட்டாரு. நம்ம ஊர்ல இப்படி வண்டியை மறிச்சுட்டு நின்னா என்ன ஆகும்? பின்னாடி நாலு ஆரன் அடிப்பான், நாலு பேரு எறங்கி வருவான், கூட்டமே நம்ம பக்கம் சேந்துக்கும். நானும் திரும்பிப் பாத்தனுங்க. பின்னாடி ஒரு படகு வந்து நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அதுல வயசான புருசன் பொண்டாட்டி. அவங்க என்ன பண்ணினாங்கறீங்க? கயித்தை எடுத்துக் கரையில கட்டிட்டு, பிளாஸ்கைத் தொறந்து, ரண்டு பேரும் டீ ஊத்திக்கிட்டாங்க. அந்த நாட்ல ஒருத்தனுக்கும் அவசரமே இல்லீங்க. அந்த மாதிரி ஊர்ல ஒரு ஆம்பளை ஞாயம் கேக்கவே முடியாது.

அங்க ஊர்ல தென்னைக்குத் தண்ணி விடோணும்னேன். அதுக்குத்தான் ஆளு போட்டிருக்குதுன்னா. கரண்டு பில்லு கட்டோணும்னேன். அம்மிணி இங்கிருந்தே கட்டிருவாளாம். எனக்கு இங்கத்த சோறு ஒத்துக்கலைன்னேன். நாந்தான சமைக்கறேன்னா. ஒவ்வொண்ணுக்கும் மெதுவாத்தான் பதில் சொன்னா. சத்தம் போடலை. போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், முடிஞ்சிருக்கும்.

அப்பறம் வாயில வந்ததைச் சொன்னேன்.

"எனக்கு இங்க ஒரு சோலியும் இல்ல துளசி. உனக்கு நெறைய இருக்குது."

அவ இடுப்புல இருந்து கைப்புடியை எடுத்தா. நெரிஸம்மாவுக்கு ஒண்ணும் புரியலை, ஆனா அதுவும் நாயும் சேந்து என்னையே பாக்குதுங்க. அப்பறம் துளசி கைப்புடியை மாட்டினா.

"அப்ப நீங்க போங்க. நான் இன்னும் கொஞ்ச நாள் நடந்துட்டு வர்றேன்."

"நடந்துட்டா?"

"ஆமா. நடந்துட்டு."

சுத்தினா பாருங்க. அவ உரல்ல மாவாட்டறப்பத்தான் நான் அவ கையைப் பாத்திருக்கறேன். பாலம் அப்படியே எந்திரிச்சு நிக்குதுங்க. அந்தப்பக்கம் ஒரு ட்ராக்டர்காரன் வந்து நின்னு, இவளுக்குத் தொப்பியைத் தூக்கறான். நான் படகை விட்டேன். பாலத்துக்கு நேரா வர்றப்ப அவ மேல இருந்து, "பாத்துப் போங்க, எடதுபக்கம் இடிக்கும்"னா. இடிச்சுருச்சுங்க. நான் சர்வீஸ்ல ஒரு கோடுகூடப் போட்டதில்ல, ஒரு வளைவுல ஒரு கல்லைத் தொட்டதில்ல. அவ சொல்லாம இருந்திருந்தா இடிச்சிருக்காது. கவனத்தைச் சிதற வெச்சுட்டா.

பாலத்துக்கு அக்கட்டால படகு திருப்பற எடம் வர்ற வரைக்கும் போயித் திரும்பி வந்தோம். நான் மாப்பிள்ளைகிட்டச் சுக்கானைக் குடுத்துட்டேன். வெயிலு கண்ணுல அடிச்சுது, அதனால.

ஊட்டுக்குத் திரும்பறப்ப நான் படகை விட்டு எறங்கிக்கிட்டேன். தடத்துல துளசி முன்னாடி போனா. அவ வழி விடலை, தடமும் அகலமில்ல, அதனால நான் பின்னாடியே போக வேண்டியதாப் போச்சு. அவ நடக்கறதை நான் பின்னாடி இருந்து அதுவரைக்கும் பாத்ததில்லீங்க. கையை வீசி நடக்கறா. ஏதோ ஊரு அவளுக்கே சொந்தம்கற மாதிரி. ஒரு எடத்துல நின்னு தண்ணியைக் காட்டினா. வாத்துக்குஞ்சு. எல்லாம் பெருசாயிருந்துச்சு. நானும் பாத்தேன். என்ன இருக்குது, வாத்துதான்.

என்ற ஒருத்தன் டிக்கெட்டை மட்டும் வெச்சுட்டு அவளுதை மாத்திட்டாங்க. ஏர்போர்ட்டுக்கு அவளும் வந்தா. மாத்திரை எந்தப் பைல இருக்குதுன்னு சொன்னா, ரசத்துக்குப் புளி எவ்வளவுன்னு சொன்னா. எப்ப வர்றேன்னு சொல்லலை. நானும் கேக்கலை. எதுக்குக் கேக்கோணும்? அவளே வந்துருவா. இப்ப எலையெல்லாம் பழுக்க ஆரம்பிச்சிருக்குதாமா, அதைப் பாத்துட்டு வர்றாளாமா. பழுத்த எலை நம்ம ஊர்ல இல்லாததா?

கோயமுத்தூருக்கு எதுக்குப் போனேன்னா கேக்கறீங்க? சுகந்தி கோட வேலை செய்யற புள்ள ஒண்ணு லீவுக்கு வந்திருந்துச்சு, நாளைக்குத் திரும்பிப் போகுது. அதுகிட்ட ஒரு பை குடுத்துட்டு வர்றேன். கொள்ளுப்பொடி, வரமொளகா, நெரிஸம்மாவுக்கு முறுக்கு. அப்பறம் துளசிக்கு ஒரு ஜோடி சூவு. கடைக்காரன் அளவு கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியலை. ஊட்ல கெடந்த அவ பழைய செருப்பை எடுத்துட்டுப் போயிருந்தேன், அதைக் காட்டி வாங்கினேன். எடை கூடிப்போச்சுன்னு அந்தப் புள்ள சூவை எடுத்துரலாம்னுச்சு. மொளகாயை எடுத்துரு, சூவு போகட்டும்னு சொல்லிட்டேன்.

தனியா இருக்கறதுல ஒண்ணும் கஷ்டமில்லீங்க. நேரம்தான் போகமாட்டேங்குது. ஊட்டுக்குள்ள செல்போன் எடுக்காது. எங்கூருக்கு முன்னாடி பி.ஏ.பி. பாசன வாய்க்கால் இருக்குதல்ல, அந்தக் கரைமேல போனா நல்லா எடுக்குது. இங்க வெயில் தாழற நேரம், அங்க அவ நடக்கப் பொறப்படற நேரம். கெளம்பறப்பவே போன் போட்டுருவா. நடந்துட்டே பேசுவா. நானும் சும்மா நிக்கறதுக்கு, நடந்துட்டே கேப்பேன். மொதல்ல என்ற வேகத்துக்கு நடந்தேன். மூச்சு வாங்குச்சு, அவ சொல்றது ஒண்ணும் காதுல விழலை. அதுக்குள்ள மதகு வரைக்கும் போயி முட்டிக்குவேன், அவ பாதிகோட வந்திருக்கமாட்டா. அதனால இப்ப மெதுவாப் போறது. அவ நின்னா நானும் நின்னுக்கறது. இல்லைன்னாப் பேச்சு ஒத்து வரமாட்டேங்குதுங்க, வேற ஒண்ணுமில்ல. ஒடம்புக்கும் நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு.

நேத்து, உங்க வாய்க்கால்ல என்ன தெரியுதுன்னு கேட்டா. தண்ணிதான்னேன். நல்லாப் பாருங்கன்னா. பாத்தேன். ரண்டு நீர்க்காகம் ஒரு கல்லுமேல றெக்கையை விரிச்சுட்டு நின்னுச்சு, துணி காயப்போட்ட மாதிரி. அதைச் சொன்னேன். அவ சிரிச்சா. நான் சொல்லி அவ சிரிச்சு நெம்ப நாளாச்சு.

இதா, பாலம் வந்துருச்சு. தம்பி, வாய்க்கால் பாலத்துல கொஞ்சம் நிறுத்திக்க. ஸ்டாப்பிங் இல்லைன்னு தெரியும் கண்ணு, நானும் டிரைவர்தான். மெதுவாவே நிறுத்து, ஒண்ணும் அவசரமில்ல. வரட்டுங்களா? நீங்க என்னன்னாலும் சொல்லுங்க, கேக்காம டிக்கெட்டை மாத்தினதுல தப்பு என்ற பேர்ல இல்லீங்க. அந்த மொளகாப் பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. அங்க அவ இந்நேரம் கெளம்பியிருப்பா.